உலைக்கல்லில் கட்டிய அடுப்பு

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு பெரிது என்பதற்காக இல்லை, அது அளவான மூக்குதான். வார்டுகளிலிருந்து வந்து இறங்கும் அழுக்குத் துணி மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே, அது எந்த வார்டு, எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும் என்று மோந்தே சொல்லிவிடுவாள். சீழுக்கு ஒரு தொட்டி, ரத்தத்துக்கு ஒன்று, வாந்திக்கும் மலத்துக்கும் ஒன்று. மாற்றிப் போட்டால் கறை துணியோடு சேர்ந்து வெந்து, பிறகு எந்த மருந்துக்கும் போகாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும்போது, மூக்கக்கா மட்டும் பூக்கடையில் நிற்பவளைப் போல நிதானமாக நிற்பாள்.

நோயாளியின் அழுக்கு அவளுக்கு அழுக்கே இல்லை. உடம்பு முடியாமல் விட்டது, அவ்வளவுதான். முடிந்தும் விடுகிறவர்களைத்தான் அவளுக்குக் கண்டால் ஆகாது. பஸ் ஜன்னலில் துப்புகிறவன், சாப்பிட்ட கையைத் திரைச்சீலையில் துடைக்கிறவன், பேசிக்கொண்டே காதைக் குடைந்து அந்த விரலைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்கிறவன். இவர்களைப் பார்த்தால் அவளுக்கு அருவருப்பு பொங்கும். முகத்தில் மறைக்கவும் தெரியாது. "உன் மூஞ்சியே ஒரு போர்டு மாதிரிடி, தூரத்துல இருந்தே படிச்சிடலாம்" என்பாள் அவளுடைய அம்மா.

கல்யாணப் பேச்சு வந்த இடங்களில் எல்லாம் வேலை என்ன என்று கேட்டவுடன் பேச்சு நின்றுபோனது. சிலர் நாகரிகமாக நின்றார்கள், சிலர் எழுந்தே போய்விட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் சலவைக்கூடத்தில் எலித் தொல்லை என்று, பூச்சிமருந்து அடிக்கிற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு கையில் செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, மறு கையில் பன்னைக் கடித்துக்கொண்டே, "அக்காங்களா, இன்னும் நாலு இருக்கு, பொந்துக்குள்ள" என்று சொல்லிக்கொண்டு போனார். மூக்கக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அதே ஆள்தான் மறுநாள் அவளுடைய தண்ணீர் பாட்டிலைக் கேட்காமலே எடுத்து, வாய் வைத்துக் குடித்தார். ப்ளீச்சிங் பவுடரில் தோலுரிந்துபோன அவள் விரல்களைப் பார்த்து, "என்னங்க இப்படி வெந்து போயிருக்கு?" என்று கையையே பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நாத்தம் அடிக்கலையா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"என்ன நாத்தம்? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

இந்த ஆளுக்கு நான் நாறவே மாட்டேன் என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள். அதில் தப்பும் இல்லை. மகளைப் பெற்று, வளர்த்து, படிக்க வைத்து, தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்தது வரைக்கும் அவர் ஒருநாள்கூட அவளுடைய வேலையைப் பற்றி முகம் சுளித்ததில்லை.

முகம் சுளிக்கிற வேலையை அவருடைய தம்பி பார்த்துக்கொண்டான்.

அவன் இடிப்பு காண்ட்ராக்டர். பழைய கட்டடங்களை இடித்து, கதவு, கம்பி, ஓடு, கல் என்று பிரித்து விற்பது தொழில். தூசியில் பிழைக்கிறவன்தான், ஆனால் சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. அவன் தெருமுனையில் காரை நிறுத்தும்போதே சென்ட் வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவன் வந்து உட்காருவதற்கு முன்னால் நாற்காலியில் கைக்குட்டையை விரிப்பான். அவன் பெண்டாட்டி, அதாவது மூக்கக்காவின் ஓரகத்தி, பையில் தண்ணீர் கொண்டுவருவாள். "எங்களுக்கு வேற தண்ணி ஒத்துக்காதுக்கா" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வாள். மூக்கக்கா தட்டை எடுத்துக்கொண்டு வந்தால், கொழுந்தன் சட்டைப்பையிலிருந்து கை கழுவுகிற மருந்து பாட்டிலை எடுத்து, அவள் உள்ளங்கையில் பிதுக்கிவிடுவான்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. உங்க வேலை அப்படி."

கணவர் சிரிப்பார். அவருக்கு அது ஒரு வேடிக்கை. மூக்கக்கா கையைத் தேய்த்துக்கொண்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள்.

இப்படிப்பட்ட கொழுந்தன்தான் ஒருநாள் பின்வாசலில் நின்றுகொண்டு, இடுப்பில் கை வைத்து, தோட்டத்தை அளப்பதுபோலப் பார்த்தான்.

"இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே அண்ணா. இங்க ஒரு செங்கல் பார்பிக்யூ அடுப்பு கட்டினா எப்படி இருக்கும்! நான் இருக்கிற அடுக்குமாடில தீக்குச்சி கிழிச்சாலே செக்யூரிட்டி ஓடி வர்றான். எனக்கு ஒரு பெரிய பில்டரைக் கூப்பிட்டு விருந்து வைக்கணும். ஹோட்டல்ல வெச்சா மரியாதையா இருக்காது. வீட்டுல, தோட்டத்துல, நம்ம கையால சுட்டுப் போட்டா அந்த மனுஷன் உருகிடுவார்."

"சும்மா கிடக்கலை தம்பி. துணி காயுது" என்றாள் மூக்கக்கா.

அந்தத் தோட்டம் என்பது ஒரு கொய்யா மரமும், சுவரோரமாகக் கொஞ்சம் புல்லும், நடுவே இரண்டு கம்பங்களுக்கு இடையில் இழுத்துக் கட்டிய துணிக்கொடியும்தான். நாள் முழுக்க ஊர் அழுக்கைத் துவைத்துவிட்டு வருகிற அவளுக்கு, தன் வீட்டுத் துணி வெயிலில் காய்ந்து விறைத்து நிற்பதைப் பார்ப்பது ஒரு தனிச் சுகம். காய்ந்த துண்டில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுப்பாள். வெயிலின் வாசனை தவிர வேறு ஒன்றும் இருக்காது.

"கொடியை அந்தப் பக்கம் நகர்த்திட்டா போச்சு" என்றார் கணவர். அவர் முகத்தில் அதற்குள் பல்பு எரிந்துவிட்டது. "நானே கட்டறேன்டா. ஆளு எதுக்கு? வீடியோ பார்த்தா வராதா?"

இதுநாள் வரை அவர் ஒன்றைக் கட்டியதே இல்லை. கொன்றதுதான் உண்டு, எலியையும் கரப்பானையும் கறையானையும். அதனால்தானோ என்னவோ, மனிதருக்கு ஆசை தலைக்கேறிவிட்டது. அவளுடைய "வேண்டாங்க" அவர் காது வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது.

கல் கொழுந்தனின் லாரியில் வந்தது. தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்து, சுவரோரமாகக் கொட்டினார்கள். அன்றைக்குக் கொழுந்தன் வழக்கத்தைவிடத் தாராளமாகச் சென்ட் அடித்திருந்தான். வேறு எந்த வாசனையும் மூக்கக்காவுக்குத் தெரியவில்லை. ஆனால் கல்லைக் கண்டதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. வீடு கட்டுகிற சிவப்புக் கல் இல்லை. வெளுத்த மஞ்சள். தூக்கினால் கையை இழுக்கிற கனம். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் கருப்பாக, பாகு காய்ச்சி ஊற்றியதுபோலப் பளபளவென்று இருந்தது. விரலால் தொட்டால் வழவழப்பு. அவள் விரலை இழுத்துக்கொண்டாள்.

"எங்க இடிச்சது தம்பி இது?"

"ஏதோ ஒரு பழைய ஃபாக்டரி அண்ணி. உலைக்கல். எவ்வளவு சூட்டையும் தாங்கும். கடையில வாங்கினா யானை விலை."

கணவர் லீவு நாள் எல்லாம் அதே வேலையாக இருந்தார். முதலில் தரையைத் தோண்டி ஜல்லி போட்டு கான்கிரீட் தளம். அது காய்ந்ததும், வரிசை வரிசையாகக் கல். முதலில் எழுப்பிய சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே தானே பிரித்தார். மறுபடி கலவை குழைத்தார். கல்லுக்கு மேல் கல் நேராக வராமல், ஒன்றின் இணைப்பு அடுத்ததின் நடுவில் விழும்படி வைத்தார். கருப்புப் பக்கத்தை உள்ளே திருப்பி வைத்தார், நெருப்பு அதைத்தானே தொடப்போகிறது என்று. கரி போட ஒரு தட்டு, சாம்பல் விழ ஒரு பள்ளம், கம்பி வலையை ஏற்றி இறக்க இரண்டு உயரத்தில் இரும்புக் கம்பிகள். கடைசியில் வெளிப்பக்கம் மட்டும் சிமெண்ட் பூசி, மேலே வழவழப்பான பலகைக்கல் ஒன்றையும் பதித்தார்.

அழகாகத்தான் இருந்தது. அதை மூக்கக்காவால் மறுக்க முடியவில்லை. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, வேறு யாரோ கட்டியதைப் பார்ப்பதுபோல ஆச்சரியப்பட்டுக்கொண்டார். "பரவாயில்லையே நான்" என்றார். அந்தச் சமயத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விருந்துக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்க்க வேண்டும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்பை மூட்டினார். முந்தின நாள்தான் நல்ல மழை. கல் ஈரம் குடித்திருந்தது. கரி கனிந்து செக்கச்செவேல் என்று ஆனதும், உள்சுவர் வியர்க்க ஆரம்பித்தது. பளபளத்த கருப்பின்மேல் முத்து முத்தாக ஏதோ துளிர்த்து, வழிந்து, காய்ந்து புகைந்தது. கணவர் மசாலா தடவிய கோழித் துண்டுகளை வலையில் பரப்பினார்.

மூக்கக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெங்காயத்தையும் தாண்டிக்கொண்டு அந்த வாசனை வந்தது. கரி வாசனை, கோழித் தோல் கருகும் வாசனை. அவற்றுக்கு அடியில் இன்னொன்று. மயிர் பொசுங்குவது மாதிரி, பிளாஸ்டிக் உருகுவது மாதிரி, மருந்துக்கடை மாதிரி. எல்லாவற்றுக்கும் கீழே, நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு தித்திப்பு. அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது, சாப்பிடுவதற்கு முன் ஊறுகிற எச்சில் இல்லை, வாந்திக்கு முன் ஊறுகிறது.

இந்த வாசனை தெரிந்த வாசனை. ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை. நன்றாகப் பழகிய முகத்தை வேறு ஊர்ச் சந்தையில் பார்த்தால் பெயர் வராதே, அப்படி இருந்தது.

"என்னங்க, ஒரு மாதிரி நாறுது."

"புதுக் கலவை காயற வாசனைம்மா. ரெண்டு தடவை எரிச்சா போயிடும். இந்தா, ஒரு கடி கடிச்சுப் பாரு."

அவர் நீட்டிய துண்டில் கொழுப்பு சொட்டியது. அதன் ஒரு ஓரத்தில் கருப்பாக எதுவோ ஒட்டியிருந்தது. அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர் அந்தக் கருப்பையும் சேர்த்து மென்று, எலும்பை உறிஞ்சி, விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். நகத்துக்கு இடையில் இருந்ததைப் பல்லால் சுரண்டி எடுத்தார். இத்தனை வருஷம் பார்த்துப் பழகியதுதான். இருந்தும் அன்றைக்கு அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

கொடியில் கிடந்த துணி முழுக்கப் புகை ஏறிவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி துவைத்துப் போட்டாள். ஒரு கைக்குட்டை மட்டும் கொய்யாக் கிளையில் மாட்டிக்கொண்டு துவைக்காமல் விட்டுப்போயிருந்தது. அது தெரியாமல், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒருநாள் அதை உருவிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் விருந்து. அவளுக்கு மாலை வரை வேலை இருந்தது. தொட்டிகளின் ஆவியில் வியர்த்துக் கொட்டியபோது கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். துடைத்த கை அப்படியே நின்றது. ஜன்னலுக்கு வெளியே பாய்லர் அறையும், அதற்குப் பின்னால் காலியாகக் கிடந்த சதுர நிலமும் தெரிந்தன. புல்கூட முளைக்காத கரிய நிலம். அங்கேதான் ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கிற பழைய உலை நின்றது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால், "ஜன்னலைச் சாத்துங்கடி" என்று இவள்தான் வருஷக்கணக்காகக் கத்தியிருக்கிறாள்.

நேராகப் பாய்லர்காரரிடம் போனாள். அவர் அவளைவிட மூத்தவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். கைக்குட்டையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது என்ன வாசனைன்னு சொல்லுங்கண்ணே."

அவர் மோந்தார். மறுபடி மோந்தார். "அட, நம்ம உலை! அதைத்தான் இடிச்சு எடுத்தாச்சே. இன்னும் எங்கக்கா பிடிச்சீங்க இதை?"

"இடிச்ச கல்லை எல்லாம் என்ன பண்ணினாங்க?"

"குப்பைக்கிடங்குல குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும்னு உத்தரவு. நீங்க மக வீட்டுக்கு லீவுல போயிருந்தப்போதான் காண்ட்ராக்டர் இடிச்சு லாரியில ஏத்திட்டுப் போனார். சென்ட் மணக்க மணக்க ஒருத்தர், வெள்ளைச் சட்டை, அவர்தான். ஆனா ஒண்ணுக்கா, நான் வெட்டி வெச்ச குழி இன்னும் வெறுமையாத்தான் கிடக்கு. நானும் மேல சொல்லிப் பார்த்துட்டேன்."

மூக்கக்கா அங்கேயே பாய்லர் படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த உலைக்குள் என்னென்ன போயிற்று என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? துவைத்தாலும் தேறாத துணி, கட்டுப் பிரித்த பஞ்சு, அறுவை சிகிச்சைக் கூடத்திலிருந்து சிவப்பு உறையில் வருகிறவை. வெட்டி எடுத்த விரல், கால். அப்புறம் பிரசவ வார்டிலிருந்து எப்போதாவது வருகிற அந்தச் சின்ன மூட்டைகள். அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி அனுப்புவார்கள். மூக்கக்காவுக்கு அது பொறுக்காது. துவைத்து வைத்த வெள்ளைத் துணியில் நல்லதாக ஒன்றைப் பார்த்தெடுத்துச் சுற்றி, தள்ளுவண்டியில் போடாமல், தன் கையாலேயே உலை வரைக்கும் தூக்கிக்கொண்டு போவாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

அந்த உலையின் உட்சுவர்தான் இப்போது அவள் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது. அதன்மேல் கோழி வேகிறது.

கணவருக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. பாதி வேலையில் சொல்லிவிட்டுக் கிளம்பி, பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். தெருமுனையிலேயே அந்த வாசனை அவளை எதிர்கொண்டது. பக்கத்து வீட்டு அம்மா மதில்மேல் தலையை நீட்டி, "என்ன வாசனை உங்க வீட்டுல, நாக்கு ஊறுதே!" என்றாள். மூக்கக்கா உள்ளே ஓடினாள்.

தோட்டம் நிறைய ஆட்கள். எல்லோரும் கொழுந்தன் கூப்பிட்ட ஆட்கள். நடுநாயகமாக அந்தப் பெரிய பில்டர், பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, கால்களை அகட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தார். தாடையில் எண்ணெய் வழிந்தது. பேசும்போது வாய்க்குள் அரைபடுவது தெரிந்தது. கடித்துத் துப்பிய எலும்புகள் அவள் துணி காய்கிற இடத்தில் சிதறிக் கிடந்தன, எறும்பு மொய்த்தது. யாரோ ஒருத்தர் கொடியில் கிடந்த அவளுடைய துண்டை எடுத்து வாயைத் துடைத்துவிட்டு, மறுபடி அதிலேயே போட்டார். அடுப்படியில் கணவர். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டி, கறியில் விழுந்து சுர்ரென்றது. கொழுந்தன் மட்டும் கைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு பரிமாறிக்கொண்டிருந்தான்.

"அண்ணி வந்தாச்சு!" என்றான். மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். "சார், எங்க அண்ணி ஆஸ்பத்திரி லாண்ட்ரில இருக்காங்க. அதான் வந்தவுடனே கை. எதையும் தொடறதுக்கு முன்னாடி நீட்டுங்க அண்ணி, நீட்டுங்க."

நாலு பேர் சிரித்தார்கள். மூக்கக்கா கையை நீட்டவில்லை.

"தம்பி, இந்தக் கல்லு எங்க இருந்து வந்தது?"

"ஃபாக்டரின்னு சொன்னேனே..."

"எங்க ஆஸ்பத்திரி உலையில இருந்து வந்தது. ஊசியும் பஞ்சும் வெட்டிப்போட்ட காலும் எரிச்ச உலை. பாய்லர்காரர்கிட்டப் பேசிட்டுத்தான் வர்றேன். புதைக்கச் சொன்ன கல்லைக் கொண்டுவந்து அடுப்பு கட்டியிருக்கீங்க."

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு கொய்யா மரத்துக்குப் பின்னால் ஓடினாள். அங்கிருந்து அவள் ஓங்கரிக்கிற சத்தம் வந்தது. வாயில் வைத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவர் கன்னம் உப்ப நின்றார்.

"என்னய்யா சொல்றாங்க?" என்றார் பில்டர், கொழுந்தனைப் பார்த்து.

"பழைய கல்லுதான் சார்... ஆஸ்பத்திரியில இருந்துதான். ஆனா நெருப்புல போனது எல்லாம் சுத்தம் சார். அதுக்கு மேல சுத்தம் ஏது?"

பில்டர் தட்டைப் பார்த்தார். அதில் இன்னும் ஒரு தொடைத் துண்டு இருந்தது. கொஞ்சம் யோசித்தார். "முக்கால்வாசி உள்ள போயாச்சு. இனிமே யோசிச்சு என்ன ஆகப்போகுது?" என்று சொல்லிவிட்டு, அதை எடுத்து ஒரு கடி கடித்தார்.

மூக்கக்கா தன் வாழ்நாளில் எத்தனையோ மூட்டைகளை அவிழ்த்திருக்கிறாள். எதுவும் அவளுக்கு இவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை. கணவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

அவர் இடுக்கியால் ஒரு துண்டைப் புரட்டிப் போட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "தெரியும்மா. கொட்டறப்பவே தம்பி சொன்னான். உன்கிட்டச் சொன்னா நீ மூஞ்சியைச் சுளிப்பேன்னுதான்... எத்தனை சூட்டுல எரிஞ்ச கல்லு! ஒரு கிருமி இருக்குமா அதுல? பூச்சியைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"கிருமியைப் பத்தியா நான் பேசறேன்?" என்றாள். "பிரசவ வார்டுல இருந்து வரும். பொறக்காமலே போனது. பொறந்து மூச்சு விடாதது. கேட்டு வர ஆள் இல்லாதது. அதையெல்லாம் என் கையால வெள்ளைத் துணியில சுத்திக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கேன். அது எல்லாம் வெந்து ஒட்டின கல்லுங்க இது. இது மேல கோழி சுட்டுத் தின்னுட்டு நிக்கறீங்க."

பில்டரின் கை பாதியில் நின்றது. மென்றதை முழுங்காமல் மெதுவாகத் தட்டில் உமிழ்ந்தார். எழுந்து, யாரையும் பார்க்காமல், கையைக்கூடக் கழுவாமல் வாசலைப் பார்த்து நடந்தார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். வலைமேல் கிடந்த துண்டுகளைப் புரட்ட ஆள் இல்லை. அவை ஒரு பக்கம் கருகி, தீப்பிடித்து எரிந்தன. கணவர் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மானத்தை வாங்கிட்டீங்களே அண்ணி. ஒரு வருஷ வேலை, இனிமே கைவிட்டுப் போச்சு" என்றான் கொழுந்தன். கோபத்தில் சென்ட்டையும் மீறி அவன் வியர்வை நாறியது.

"மிச்சக் கல் எங்க?"

அவன் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையை உருவினான்.

"அந்த உலையோட கல்லு முழுசும் இங்க இல்ல. மிச்சம் எங்கன்னு கேட்டேன்."

மரத்துக்குப் பின்னாலிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது. "குடோன்லதான் கிடக்குதுக்கா. ஒரு ஹோட்டல்காரர் கேட்டிருக்கார்."

"நாளைக்குக் காலையில அந்தக் கல்லோட லாரி இங்க வரணும் தம்பி. இதையும் ஏத்தணும். வரலைன்னா முதல்ல அந்த ஹோட்டல் வாசல்ல போய் நிப்பேன். அப்புறம் ஆஸ்பத்திரி ஆபீஸ்ல."

லாரி வந்தது. கொழுந்தன் வரவில்லை, டிரைவரை மட்டும் அனுப்பியிருந்தான்.

விடிந்ததுமே மூக்கக்கா கடப்பாரையை எடுத்துவிட்டாள். ஆனால் அடுப்பு லேசில் அசைந்துகொடுக்கவில்லை. மனிதர் அவ்வளவு கெட்டியாகக் கட்டியிருந்தார். கலவை கல்லைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றது. அவள் குத்தியதில் பொடிப் பொடியாகத்தான் பெயர்ந்தது. கொஞ்ச நேரம் பின்வாசலில் நின்று பார்த்த கணவர், பேசாமல் வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். கடைசியாக வைத்த கல்லிலிருந்து ஆரம்பித்தார். வைத்ததுபோலவே வரிசை வரிசையாக எடுத்தார். பிரித்த கல்லை எறியவில்லை, ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய் லாரியில் வைத்தார். கருப்புப் பக்கம் தன் உடம்பில் படாமல் பிடித்துக்கொள்கிறார் என்பதை மூக்கக்கா கவனித்தாள். இதற்கு முன் அவர் எதையும் அப்படிப் பிடித்து அவள் பார்த்ததில்லை.

லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் அவளே ஏறி உட்கார்ந்துகொண்டாள். வழியில் எங்கேயும் திரும்பவிடாமல் குப்பைக்கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாய்லர்காரர் சுண்ணாம்பு மூட்டையோடு காத்திருந்தார். கல்லைக் கொட்டி, சுண்ணாம்பு தூவி, மண் தள்ளி மூடும்வரை அங்கேயே நின்றாள். "வெயில்ல எதுக்குக்கா நிக்கறீங்க, நாங்க பார்த்துக்க மாட்டோமா?" என்றார் அவர். அவள் நகரவில்லை.

கொழுந்தனுக்கு ஒன்றும் பெரிதாக ஆகிவிடவில்லை. அந்த வேலை போனால் இன்னொரு வேலை. சில மாதம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, மறுபடியும் வர ஆரம்பித்தான். வந்தால் மூக்கக்கா தட்டை நடுவில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

கணவரிடம்தான் அவளுக்குச் சிக்கல். தோட்டத்துத் தளத்தை ப்ளீச்சிங் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், அது வெளுத்தே போய்விட்டது. ஆனால் அவரை என்ன போட்டுத் தேய்ப்பது? அவர் சாப்பிட உட்கார்ந்தால், மெல்லுகிற வாயைப் பார்க்க முடியாமல் பரிமாறிவிட்டு எழுந்துபோனாள். தனக்கு நாற்றமே தெரியவில்லை என்று அன்றைக்குச் சொன்னவர் இவர். அதைப் பிரியம் என்று நினைத்து இத்தனை வருஷம் கொண்டாடியிருக்கிறாள். அது பிரியம் இல்லை, இந்த மனிதருக்கு எதுவுமே நாறாது. எலியும் ஒன்று, அவள் கையும் ஒன்று, உலைக்கல்லும் ஒன்று. அதை நினைக்க நினைக்க அவருடைய தட்டைக் கழுவுவதற்குக்கூட அவளுக்குக் கை கூசியது.

அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அந்த வாரமே எங்கோ கடையில் கோழி சாப்பிட்டுவிட்டு வந்தார், மறைக்கவும் இல்லை. அவள் முகத்தைப் படித்துவிட்டு, "பசிச்சுதும்மா" என்றார், அவ்வளவுதான்.

மழைக்காலம் முடிகிற சமயம். அவள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கொடியிலிருந்து துணியை எடுத்துவந்து, கட்டிலில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்து மடித்தார். அது கோணலாக வந்தது. பிரித்து மறுபடி மடித்தார்.

"அந்தச் சின்ன மூட்டை..." என்றார். "அதை நீயேவா தூக்கிட்டுப் போவே?"

"ஆமா."

"கனமா இருக்குமா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மூக்கக்கா மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்காதுங்க" என்றாள். "ஒரு தலகாணி உறையை நனைச்சுப் பிழிஞ்சா எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான் இருக்கும். முதல் தடவை தூக்கினப்போ ஒண்ணுமே இல்லையோன்னு நினைச்சு, பிரிச்சுப் பார்த்துட்டேன்."

"அப்புறம்?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். அவர் போகவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, கடைசிவரை கேட்டார்.